சாரலில் கத்திய பெட்டி

தென்காசி
9 ஜூன் 2025

அன்புள்ள முஃபீத் அண்ணனுக்கு,

ஸலாம். இங்கே நானும் உம்மாவும் சுகம். உம்மாவுக்கு மூட்டுவலி உண்டு, ஆனால் நான் அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தால் வலியை மறந்து ஓடி வந்து என்னை வெளியே தள்ளுகிறாள். உன் உடம்பு எப்படி இருக்கிறது? வளைகுடாவில் இந்த வருடம் வெயில் கூடுதல் என்று செய்தியில் பார்த்தேன்.

போன் இருக்கும்போது மெயிலில் எதற்குக் கடிதம் என்று கேட்காதே. நீ கூப்பிட்டால் உம்மா ஸ்பீக்கரில் போடுகிறாள், மாமி பக்கத்தில் வந்து உட்காருகிறாள், கல்யாணப் பேச்சைத் தவிர வேறு எதையும் பேச விடுவதில்லை. குற்றாலச் சீசன் முடிந்து அக்டோபரில் எனக்குக் கல்யாணமாம். ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியாக எனக்குச் சொன்னார்கள். மாப்பிள்ளை ஹுஸைஃபா மச்சான் என்பதால் மன்னித்துவிட்டேன். பரீது மாமாவின் மகன் என்ற ஒரு குறையைத் தவிர அவரிடம் வேறு குறை இல்லை.

இப்போது என் பெட்டியைப் பற்றி. மூன்று வருடமாகத் திருநெல்வேலி லேபில் வைத்துக் கொஞ்சிய சென்சார் ஒரு டிபன் பாக்ஸுக்குள் அடங்கிவிட்டது. நீ ஆலையில் சட்டையில் மாட்டிக்கொண்டு திரிகிறாயே கேஸ் டிடெக்டர், அதற்குள் அமிலமும் தண்ணீரும் இருக்கும். என்னுடையதில் அயனித் திரவம். அதுவும் உப்புதான், ஆனால் தண்ணீர் விடாமலே விளக்கெண்ணெய் போல ஓடும் உப்பு. எந்த வெயிலுக்கும் ஆவியாகாது. செப்டிக் டேங்கில் வரும் விஷவாயு, அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு, இதில் கரைந்து மின்முனையைத் தொட்டால் கொஞ்சம் மின்சாரம் ஓடும். வாயு கூடினால் மின்சாரமும் கூடும், ஓர் அளவைத் தாண்டினால் பெட்டி கத்தும்.

கைடு சார், "லேப் ரிசல்ட் போதும்மா, டிசம்பருக்குள்ள தீசிஸ எழுதி முடி" என்கிறார். எனக்குப் போதாது. டேங்குக்குள் ஆளை இறக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது, இருந்தும் இறக்குகிறார்கள். அங்கே வேலை செய்யாத பெட்டி எனக்கு எதற்கு? குற்றாலத்தில் மாமாவின் லாட்ஜ் டேங்கில் காற்றுக்குழாய் நிற்கிறதே, அதில் மாட்டிக்கொள்ளவா என்று கேட்டேன். "ஏட்டி, கக்கூஸ் கொழாய மோந்து பாக்கவா ஒன்ன படிக்க வச்சோம்?" என்றார் மாமா. ஹுஸைஃபா மச்சான்தான் ஏணி போட்டு ஏறி மாட்டிக் கொடுத்தார். குரங்கு பிய்க்காமல் இருக்கக் கம்பி வலையும் சுற்றினார். இந்த ஜில்லாவில் எந்தப் பெண்ணுக்கும் இப்படி ஒரு சீர் கிடைத்திருக்காது.

சாரல் தொடங்கிவிட்டது. உனக்குக் கொஞ்சம் பார்சல் கட்ட முடியவில்லை. துஆவில் என்னையும் பெட்டியையும் சேர்த்துக்கொள்.

உன் தங்கை,
ஜுஹைனா


கேம்ப்
16 ஜூன் 2025

பிரியமுள்ள தங்கச்சிக்கு,

வ அலைக்கும் ஸலாம். நான் சுகமாக இருக்கிறேன். வெயிலைக் கேட்டாய், குளிக்கக் குழாயைத் திறந்தால் டீத்தூள் போடுவதுதான் பாக்கி. உம்மாவைத் தைலம் தேய்க்கச் சொல்.

உன் பெட்டி ஜோர். எங்கள் டிடெக்டர்கள் கோடையில் தண்ணீர் வற்றிச் செத்துப்போகின்றன, மாற்றி மாற்றி அலுத்துவிட்டோம். வற்றாத ஒன்று இருந்தால் இங்கே தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். ஆனால் உப்பு என்கிறாயே, நம் வீட்டு உப்பு ஜாடி சாரல் காலத்தில் என்ன ஆகும் என்று உம்மாவைக் கேள். உன் பெட்டியும் ஈரத்தைக் குடித்துவிட்டு உளறப் போகிறது, பார்த்துக்கொள்.

இன்னொன்று. டேங்கைத் திறக்கும்போது மாமா இன்னும் அரிக்கேன் விளக்கைத்தான் இறக்குகிறாரா? கயிற்றில் கட்டி இறக்குவார்கள், விளக்கு அணையாவிட்டால் ஆள் இறங்கலாம் என்பார்கள். நாம் இரண்டு பேரும் வேடிக்கை பார்த்திருக்கிறோம். தீப்பிடிக்கும் வாயு உள்ளே இருந்தால் லாட்ஜே பறந்திருக்கும். அது போகட்டும், ஆக்சிஜன் இருக்கிறதா என்பதைத்தான் விளக்கு சொல்லும். ஆளைக் கொல்லும் அளவுக்கு இந்த வாயு இருந்தாலும் விளக்கு அணையாது.

மூக்கையும் நம்ப முடியாது. கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாறும், நிறைய இருந்தால் மூக்கு மரத்துவிடும். நாற்றம் போய்விட்டது என்று நினைத்து ஆள் உள்ளே போவான். எங்களுக்கு முதல் நாள் பயிற்சியிலேயே இதைத்தான் சொல்லித் தருகிறார்கள். மாமாவிடம் நீ சொல். நான் சொன்னால், விசா எடுத்துக் கொடுத்தவனுக்கே பாடம் நடத்துதான் பாரு என்பார்.

ஹுஸைஃபாவுக்கு என் ஸலாம். வலை சுற்றினதற்கு அவனுக்கு இங்கிருந்து ஒரு நல்ல செண்ட் வாங்கி வருகிறேன்.

உன் அண்ணன்,
முஃபீத்


தென்காசி
27 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். மாமாவின் கோபம் மட்டும் ரொம்ப நன்றாக இருக்கிறது.

உன் கருநாக்கை என்ன செய்தால் தகும்? போன சனிக்கிழமை சரியான சாரல், லாட்ஜில் எல்லா ரூமும் நிறைந்திருக்கிறது, பெட்டி கத்த ஆரம்பித்துவிட்டது. ஆம்புலன்ஸ் என்று நினைத்துச் சிலர், தீ என்று நினைத்துச் சிலர், தலையில் எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக எல்லோரும் முற்றத்துக்கு ஓடி வந்துவிட்டார்கள். மதுரைக்கார அம்மா ஒருத்தி மாமாவைப் பிடித்துக் காய்ச்சிவிட்டாளாம். திங்கட்கிழமை மறுபடியும் கத்தியது. "அந்தச் சனியன கழத்திட்டுப் போட்டி" என்று மாமா போனில் கத்தினார். பெட்டியின் சத்தமே பரவாயில்லை.

போய்ப் பார்த்தேன். நீ சொன்ன உப்பு ஜாடிக் கதைதான். திரவம் காற்றின் ஈரத்தைக் குடித்துக் குடித்து, வாயு இல்லாமலே மின்சாரத்தை மெல்ல மெல்ல ஏற்றியிருக்கிறது. லேபில் ஏசி போட்டு உட்கார்ந்து மூன்று வருடம் அளந்தவளுக்குக் குற்றாலத்தின் காற்று எப்படி இருக்கும் என்று தெரியாமல் போயிற்று, அதுவும் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு.

கழற்ற மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சாரலில் வேலை செய்யாவிட்டால் அதைச் செய்து என்ன பயன்? ஈரத்தைக் கழித்துக் கணக்கிட ஒரு வழி கண்டுபிடிக்கிறேன். அதுவரைக்கும், சத்தத்தை நிறுத்தும் பொத்தானை ஹுஸைஃபா மச்சானுக்குக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். "சாரல் அடிக்கும்போது கத்துனா பயப்படாதிய மச்சான், அமத்திருங்க" என்று சொல்லியிருக்கிறேன்.

விளக்கைப் பற்றியும் மாமாவிடம் சொன்னேன். "எங்க வாப்பா காலத்துலேருந்து இந்த வெளக்குதான். இன்னி வரைக்கும் ஒருத்தன் செத்தது இல்ல" என்றார். முஃபீத் சொன்னான் என்றேன். நீ சொன்னபடியே சொன்னார்.

உன் தங்கை,
ஜுஹைனா


தென்காசி
6 ஜூலை 2025

அண்ணனுக்கு,

ஸலாம். நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுத முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை மாமாவின் லாட்ஜ் டேங்கில் குத்தாலிங்கம் அண்ணாச்சி இறந்துவிட்டார். டேங்க் வேலைக்கு வழக்கமாக வருவாரே, அவர்தான். மாட்டிய அன்று பெட்டியைப் பார்த்து, "இது என்ன தாயி, ரேடியோவா? பாட்டு படிக்குமா?" என்று கேட்டவர்.

டேங்க் நிரம்பிப் பின்கட்டில் வழிந்திருக்கிறது. திறந்து, மேலே ஏடாக இறுகியிருந்த கழிவைச் சவுக்குக் கம்பால் குத்தி உடைத்திருக்கிறார்கள். அப்போது பெட்டி கத்தியிருக்கிறது. சாரலும் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது. ஹுஸைஃபா மச்சான் ஏணியில் ஏறிச் சத்தத்தை அமர்த்திவிட்டு விளக்கை இறக்கியிருக்கிறார். விளக்கு நன்றாக எரிந்திருக்கிறது. அண்ணாச்சி இறங்கினார். இடுப்பில் கயிறு கூடக் கட்டவில்லை. தீயணைப்பு வண்டி வந்துதான் எடுத்தார்கள்.

நான் பஸ்ஸில் ஆலங்குளம் தாண்டி வந்துகொண்டிருந்தேன். போன் வந்தது. "பெட்டி கத்துச்சி ஜுஹைனா, நான் அமத்திட்டேன்" என்றார் மச்சான். அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் மாமா போலீஸில் என்ன சொல்லியிருக்கிறார் தெரியுமா? ஆள் குடித்திருந்தான், தலை சுற்றி விழுந்துவிட்டான். "வெளக்கு எரிஞ்சிதுல்லா? பொறவு கேஸ் எங்கன இருந்து வரும்?" என்று எங்கள் வீட்டில் உட்கார்ந்து உம்மாவிடம் கேட்கிறார். உம்மா அழுகிறாள்.

பெட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து பார்த்தேன். சத்தத்தை அமர்த்தினாலும் அது அளப்பதை நிறுத்தாது. சாரலின் ஈரம் ஏற்றினால் அளவு மணிக்கணக்கில் மெல்லத்தான் ஏறும். அன்று கம்பு குத்தியதும் ஒரேயடியாக மேலே போய், நான் அளக்கப் பழக்கிய எல்லையை முட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. அது சாரல் இல்லை அண்ணா. பெட்டி நிஜத்தைத்தான் கத்தியது. அமர்த்தச் சொல்லிக் கொடுத்தவள் நான்.

உடனே பதில் எழுது.

ஜுஹைனா


கேம்ப்
21 ஜூலை 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஸலாம். உடம்பு சுகம். வேலை அதிகம், அதனால் உடனே எழுத முடியவில்லை. உம்மா சாப்பிடுகிறாளா?

நடந்ததை நினைத்தால் மனசு ஆறவில்லை. குத்தாலிங்கம் அண்ணாச்சி நம் வீட்டு டேங்கையும் சுத்தம் செய்து கொடுத்திருக்கிறார். அவர் குடும்பத்துக்கு நாம் ஏதாவது செய்ய வேண்டும்.

மாமா கூப்பிட்டிருந்தார். ரொம்ப நேரம் பேசினார். ஒரு தாளில் நீ கையெழுத்துப் போட வேண்டுமாம். கருவி சோதனையில் இருந்தது, ஈரத்தால் பழுதாகித் தப்பாகக் கத்தியது, அவ்வளவுதான். அதில் பொய் என்ன இருக்கிறது? அதற்கு முன்னால் இரண்டு தடவை தப்பாகக் கத்தியதாக நீயேதான் எனக்கு எழுதினாய். போட்டுவிட்டால் உன் மேலும் ஒன்றும் வராது, ஹுஸைஃபா மேலும் ஒன்றும் வராது. போடாவிட்டால் முதலில் மாட்டுகிறவள் நீதான். பொத்தானைக் காட்டியது நீ. டிசம்பரில் தீசிஸ், அக்டோபரில் கல்யாணம். போனவர் திரும்பி வரப்போவதில்லை. யோசித்துப் பார்.

ஹுஸைஃபா எப்படி இருக்கிறான்? போன் எடுக்க மாட்டேன் என்கிறான்.

அண்ணன்,
முஃபீத்


தென்காசி
23 ஜூலை 2025

அண்ணனுக்கு,

ஸலாம். உம்மா சாப்பிடுகிறாள். எனக்கும் நன்றாகப் பசிக்கிறது, ஆத்திரத்தில் இரண்டு பங்கு சாப்பிடுகிறேன்.

மாமா அந்தத் தாளோடு வீட்டுக்கு வந்தார். ஒரு தூக்குச் சட்டி நிறைய ஆட்டுக்கறியும் கொண்டுவந்தார். தாளைப் படித்தேன். பேனா நீண்டது. நீட்டிய கை யாருடையது என்று எழுத மாட்டேன். கையெழுத்துப் போட மாட்டேன் என்று மாமாவிடம் சொன்னேன். "ஒன் நல்லதுக்குத்தாம்ட்டி சொல்லுதேன்" என்றார். "என் நல்லத நான் பாத்துக்கிடுதேன் மாமா, கறிய எடுத்துட்டுப் போங்க" என்றேன். உம்மா என்னை அடிக்க வந்தாள். கறியைத் திருப்பி அனுப்பியதற்காக என்று பிறகுதான் புரிந்தது.

அதில் என்ன பொய் என்று கேட்கிறாய். நன்றாகக் கேள். முதல் இரண்டு தடவை கத்தியது சாரலாக இருக்கலாம், வாயுவாகவும் இருக்கலாம், எனக்கு இன்னும் தெரியாது. மூன்றாவது தடவை கத்தியது வாயு, அது எனக்குத் தெரியும். அந்தத் தாளில் பெட்டி பழுது என்று எழுதினால் அண்ணாச்சி குடித்துச் செத்தார் என்றுதான் அர்த்தம். டேங்க் சுத்தம், விளக்கு சரி, அடுத்த சீசனுக்கு அடுத்த ஆளைக் கூப்பிடலாம் என்றும் அர்த்தம். இதை என் கையெழுத்தில் கேட்கிறார்கள். நீயும் கேட்கிறாய்.

அவர் மனைவி சந்தனமாரி வந்திருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "குடிச்சிருந்தாவன்னு சொல்லுதாவளே, குடிப்பாவதான். ஞாயித்துக்கெழம மட்டும் குடிப்பாவ. அன்னைக்கு செவ்வா. வேலைக்கு எறங்குத அன்னைக்கு டீ கூட வாயில வைக்க மாட்டாவ, கொமட்டும்பாவ" என்றாள். பிறகு, "ஒம் பெட்டி கத்துச்சாமே புள்ள, பொறவு ஏன் எறக்குனாவ?" என்று கேட்டாள்.

முழுவதையும் சொன்னேன். அமர்த்தச் சொல்லிக் கொடுத்தது நான்தான் என்பதையும் சொன்னேன். திட்டவில்லை, திட்டியிருக்கலாம். வாசல் வரை போய்த் திரும்பி, "விசாரண நடக்குமாம். இத அங்கன வந்து சொல்லுவியா?" என்று கேட்டாள். சொல்லுவேன் என்றேன். வாக்குக் கொடுத்தாயிற்று. இனி நீ வேண்டாம் என்று எழுதினாலும் ஒன்றுதான், எழுதாமல் விட்டாலும் ஒன்றுதான்.

தங்கை,
ஜுஹைனா


கேம்ப்
12 ஆகஸ்ட் 2025

அன்புள்ள தங்கச்சிக்கு,

ஸலாம். சுகமாக இருக்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன். இங்கே மதியச் சாப்பாட்டுக்கு மீன் போடுகிறார்கள் என்பதே இப்போதுதான் தெரிந்தது.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன் மேல் எனக்குப் பயங்கரக் கோபம். பதில் எழுதக் கூடாது என்று இருந்தேன். அப்புறம் இங்கே ஒன்று நடந்தது. கம்ப்ரசர் பக்கம் நின்றுகொண்டிருந்தோம். என் சட்டையில் இருந்த டிடெக்டர் கத்தியது. என் சூப்பர்வைசர் தன்னுடையதைப் பார்த்தார், அது கத்தவில்லை. "ஈரக்காற்று, விடு, வேலையைப் பார்" என்றார். கடல்காற்று அடித்தால் எப்போதும் அப்படித்தான், நானும் எத்தனையோ தடவை விட்டிருக்கிறேன். அன்று என்னால் முடியவில்லை. சாரல் அடிக்கும்போது கத்தினால் பயப்படாதீர்கள் என்று நீ எழுதிய வரி காதுக்குள் நிற்கிறது. போய் அவசர அலாரத்தை அடித்துவிட்டேன். அந்தப் பிரிவு முழுவதும் வேலையை நிறுத்திவிட்டு ஓடியது.

நிஜமாகவே கசிந்ததா என்று இன்னும் சொல்லவில்லை. பொய்யாக இருந்தாலும் கவலை இல்லை. நான் அமர்த்தவில்லை.

அதனால் அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. போன கடிதத்தில் நான் எழுதியதைக் கிழித்துப் போட முடியாது, மெயிலாயிற்றே. அழித்துவிடு.

ஹுஸைஃபா எப்படி இருக்கிறான்?

அண்ணன்,
முஃபீத்


தென்காசி
25 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். நானும் உம்மாவும் சுகம். உன் கடிதத்தை அழிக்கவில்லை. உன் கல்யாணத்தன்று உன் பெண்டாட்டியிடம் படித்துக் காட்டுவேன்.

உன் மெயில் பட்டப்பகலில் வந்திருக்கிறது. மதியச் சாப்பாட்டில் மீன் போடுகிறார்கள் என்று இத்தனை வருடத்துக்குப் பிறகு கண்டுபிடித்திருக்கிறாய். மதியம் நீ ஆலைக்குள் அல்லவா இருப்பாய்? என்ன நடந்தது என்று நீயாகச் சொல்லும்போது சொல்.

என் பெட்டி வேலை முடிந்துவிட்டது. பெட்டிக்குள் இப்போது இரட்டையர் இருக்கிறார்கள். ஒரே திரவம், ஒரே மின்முனை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சென்சார். ஒன்று திறந்திருக்கும். இன்னொன்றின் வாயில் மயில்துத்தக் கரைசலில், அதாவது நீலக் காப்பர் சல்ஃபேட்டில், நனைத்த பஞ்சை அடைத்திருக்கிறேன். ஈரம் அந்தப் பஞ்சின் வழியே உள்ளே போய்விடும், விஷவாயுவைப் பஞ்சு பிடித்துக்கொள்ளும். இரண்டும் ஒரே சாரலைத்தான் குடிக்கும், ஆனால் மூக்கடைத்த பிள்ளைக்கு வாயு தெரியாது. ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் சாரல் போய்விடும், மீதி நிற்பது வாயு.

லாட்ஜுக்குள் காலெடுத்து வைக்கக் கூடாது என்று மாமா சொல்லிவிட்டார். வைக்கவில்லை. காற்றுக்குழாய் பின்சந்தில் இருக்கிறது, சந்து பஞ்சாயத்துக்குச் சொந்தம். குடையும் ஏணியும் எடுத்துக்கொண்டு சந்தனமாரி வந்தாள். அவள் ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் ஏறி மாட்டினேன். சிப்ஸ் கடைக்காரர்களுக்கு நல்ல பொழுதுபோக்கு. நல்ல சாரலாகப் பார்த்து வைத்திருந்தேன். மூக்கடைத்தது கொஞ்சம்தான் ஏறியது. திறந்திருந்தது எங்கேயோ போய்விட்டது. நீலமாக இருந்த பஞ்சு கரிக்கட்டையாகிவிட்டது. சந்தனமாரி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "இது உள்ள போயித்தான் செத்தாவளா?" என்றாள்.

விசாரணை செப்டம்பரில். பிரேதப் பரிசோதனை அறிக்கை இன்னும் வரவில்லை, ஆகையால் நான் சொல்வதற்கு மதிப்பு இருக்குமாம். கைடு சாரிடம் சொன்னேன். லேப் பெயரை இதில் இழுத்தால் இனி எனக்குக் கைடாக இருக்க முடியாது என்றார். சரி சார் என்றேன். அவருக்கு அந்தச் சரி பிடிக்கவில்லை.

தங்கை,
ஜுஹைனா


கேம்ப்
2 செப்டம்பர் 2025

பிரியமுள்ள ஜுஹைனாவுக்கு,

ஸலாம். சுகம்.

சரி, சொல்கிறேன். என்னை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அலாரம் அடித்ததற்காக என்று சொல்லவில்லை, ஆள் குறைப்பு என்கிறார்கள். மாத முடிவில் டிக்கெட். உம்மாவிடம் லீவு என்று சொல்லிவை. மாமாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம், விசா எடுத்துக் கொடுத்த பெருமை அவருக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்.

என்னுடையதைச் சொல்லிவிட்டேன். மூன்று கடிதமாக நான் ஒன்று கேட்டுக்கொண்டிருக்கிறேன், நீ பதில் சொல்லவில்லை. ஜூன் மாதம் எழுதும்போது வரிக்கு வரி மச்சான் மச்சான் என்றாய்.

விசாரணையில் பயப்படாதே. பயம் வந்தாலும் பேசு.

அண்ணன்,
முஃபீத்


தென்காசி
14 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணனுக்கு,

ஸலாம். உம்மா சுகம். உனக்கு லீவு என்றதும் அரிசி மாவு இடிக்கக் கொடுத்துவிட்டாள். நீ சீக்கிரம் வா. நீ வரும்போது உனக்கு ஒரு வேலையும் வைத்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸில் விசாரணை முடிந்தது. மாமா, ஹுஸைஃபா, சந்தனமாரி, நான், எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அதிகாரி நல்ல மாதிரியாகத்தான் பேசினார். "கருவி ஆராய்ச்சி நிலையில இருந்தது, ஈரத்துல தப்பா காட்டியிருக்கலாம், அப்படித்தானேம்மா?" என்று எனக்கு வழி விட்டார். ஆமாம் என்றால் போதும், வீட்டுக்குப் போயிருக்கலாம்.

இல்லை சார் என்றேன். இரட்டையரையும் கறுத்த பஞ்சையும் மேஜை மேல் வைத்தேன். சாரல் எப்படி ஏறும், வாயு எப்படி ஏறும், விளக்கு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது, எல்லாம் சொன்னேன். "பெட்டி சரியாத்தான் கத்துச்சி. சாரல்ல கத்துனா அமத்தச் சொன்னது நான். எழுதிக்கிடுங்க" என்றேன். அவர் பேனா நின்றுவிட்டது. "யோசிச்சுச் சொல்லும்மா, இது உனக்கும் சிக்கல்" என்றார். யோசித்துத்தான் வந்தேன் என்றேன். மாமா எழுந்து, "இவளுக்குப் புத்தி பேதலிச்சிருச்சி சார்" என்று கத்தினார்.

அப்போதுதான் ஹுஸைஃபா எழுந்தார். "அமத்துனது நான் சார். வெளக்கு எரிஞ்சிது, எறங்குங்கன்னு சொன்னதும் நான்தான். அண்ணாச்சி குடிச்சிருக்கல" என்றார். மாமா அவரைப் பார்த்த பார்வையை நான் பார்க்கவில்லை, நான் சந்தனமாரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். விஷவாயுவால் மரணம் என்று அதிகாரி எழுதியதும், அதை வாசித்துக் காட்டச் சொன்னாள். வாசித்துக் காட்டினார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.

நீ கேட்டதற்குப் பதில். நிச்சய மோதிரத்தை ஜூலையிலேயே, அன்று ஹுஸைஃபா நீட்டிய பேனாவோடு சேர்த்துக் கொடுத்துவிட்டேன். உனக்கு எழுதினால் அழுதுவிடுவேன் என்று எழுதவில்லை. வெள்ளிக்கிழமை அவர் பேசியதால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்காதே. அவர் பேசியது எனக்கு நிம்மதி. கல்யாணம் இல்லை.

இதோடு முடிந்தது என்று வெளியே வந்தோம். சந்தனமாரியின் போன் அடித்தது. மாமாவின் லாட்ஜ் டேங்க் மறுபடி வழிகிறதாம், சாயங்காலம் திறக்கச் சுரண்டையிலிருந்து இரண்டு பேரை வரச் சொல்லியிருக்கிறாராம். விசாரணைக்குப் புறப்படும் முன்பே ஆள் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். அவள் குற்றாலம் பஸ்ஸில் ஏறினாள். நானும் ஏறினேன்.

லாட்ஜ் முற்றம் முழுக்கக் குளித்துவிட்டு வந்தவர்கள். வாளியும் கயிறுமாக அந்த இரண்டு பேரும் நிற்கிறார்கள், அரிக்கேன் விளக்கும் இருக்கிறது. சந்தனமாரி நேரே போய் டேங்க் மூடி மேல் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். "இங்கன இன்னைக்கு எவனும் எறங்கக் கூடாது. உறிஞ்சுத மிஷின் லாரி வரட்டும்" என்றாள். அந்த இரண்டு பேரும் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றார்கள்.

மாமா காரிலிருந்து இறங்கினார். லாரி சந்துக்குள் வராது, குழாய் எட்டாது, நாற்றத்தில் விருந்தாளிகள் ஓடிவிடுவார்கள், என்னென்னவோ சொன்னார். நீளக் குழாய் போட்டால் எட்டும் என்றேன். "எந்திரிட்டி, வந்தவிய எல்லாம் பாக்காங்க" என்று பல்லைக் கடித்தார். "பாக்கட்டும் மாமா" என்றேன். சாரல் வேறு பிடித்துக்கொண்டது. நாங்கள் நனைந்தோம், மாமாவும் நனைந்தார். எங்களைப் போட்டோ எடுக்க ஒரு பையன் போனைத் தூக்கினான். அதைப் பார்த்த பிறகு மாமா தன் போனை எடுத்து லாரிக்காரனைக் கூப்பிட்டார்.

லாரி வந்து, குழாய் எட்டியது. மூடியைத் திறக்க இடம் விட்டு எழுந்தோம். சந்தனமாரி நனைந்த சேலையைப் பிழிந்து உதறிவிட்டு மாமாவின் முன்னால் போய் நின்றாள்.

"எங்க வீட்டாளு குடிச்சிட்டு விழுந்தாவன்னு இனிமே ஒருக்கா சொல்லும் பாப்போம்" என்றாள்.

மாமா அவளைத் தாண்டிப் போகப் பார்த்தார். அவள் விலகவில்லை. அத்தனை பேருக்கும் நடுவில், மழையில், மாமா தலையைக் குனிந்துகொண்டு, "சொல்ல மாட்டேன்" என்றார்.

நீ பத்திரமாக வந்து சேர். உனக்கு வைத்திருக்கும் வேலை, சந்தனமாரியோடு ஏணி பிடிப்பது. இந்த வாரத்திலிருந்து பெட்டி மாட்ட ஒவ்வொரு லாட்ஜாகப் போகிறோம்.

உன் தங்கை,
ஜுஹைனா